லுகேமியா ஆய்வுக்கு நன்கொடை: ஒரு குடும்பத்தின் பணம் என்ன செய்யும், யாரிடம் கொடுக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: குடும்பத்துப் பையன் ஒருவனை லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருக்கிறீர்கள். அவன் நினைவாக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஆய்வுக்குக் கொடுப்பது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். ஆனால் அரசுகளும் மருந்து நிறுவனங்களும் கோடிக்கணக்கில் செலவிடும் துறையில் ஒரு குடும்பத்தின் பணம் எதற்கு ஆகும், யாரை நம்பிக் கொடுப்பது, கொடுத்தபின் அது உரிய இடத்துக்குத்தான் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற தயக்கம் இருக்கிறது.

துக்கம் ஆறாத வீட்டில் இப்படி ஒரு முடிவு எடுக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இரத்தப் புற்றுநோய் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களில் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இந்தத் துறையில் பொதுமக்களின் நன்கொடைக்கென்றே சில வேலைகள் இருக்கின்றன. இன்னும் நிரூபணம் கிடைக்காத யோசனை, யாருக்கும் லாபம் தராத கேள்வி, பத்து இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தால்தான் விடை தரும் வேலை. இவற்றுக்குத் துணிந்து வரும் பணம் பெரும்பாலும் நன்கொடைப் பணம்தான். தொகையின் அளவைவிட, அது எந்த வேலைக்குப் போகிறது, எவ்வளவு காலம் விடாமல் வருகிறது என்பதுதான் முக்கியம்.

இந்த நோய்க்கான சிகிச்சையின் வரலாறே இப்படித்தான் தொடங்கியது. 1947 வரை, குழந்தைகளுக்கு வரும் தீவிர லுகேமியாவுக்கு மருந்து என்று எதுவும் கிடையாது. நோய் இன்னதென்று தெரிந்த சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் கொடுத்தால் இந்த நோய் வேகம் பிடிப்பதாகக் கருதினார். அப்படியானால் அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கொடுத்தால் நோய் அடங்குமா என்று யோசித்தார். லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இந்தியாவில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் வேலை செய்த குழு அத்தகைய பொருள்களைத் தயாரித்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் சில காலம் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் இந்த முடிவு அச்சில் வந்தபோது, நம்பாத மருத்துவர்களே அதிகம்.

அந்தச் சமயத்தில் ஃபார்பருக்குத் தோள் கொடுத்தவர்கள் வானொலி கேட்டுக்கொண்டிருந்த சாதாரண மக்கள். 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில், 'ஜிம்மி' என்ற பெயரில் மட்டும் அறிமுகம் செய்யப்பட்ட 12 வயதுச் சிறுவன் தன் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி தனக்குப் பிடித்த பேஸ்பால் வீரர்களோடு பேசினான். அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டியிருந்தது. அதற்காகத் தொடங்கிய திரட்டில் 2,31,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. ஃபார்பரின் ஆய்வுக்குத் துணைநின்ற ஜிம்மி ஃபண்ட் என்ற நிதி பிறந்தது அப்படித்தான். 1952இல் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்கென்றே அதன் பெயரில் ஒரு கட்டடம் எழுந்தது. அந்தப் பையனுக்கு இருந்தது லுகேமியாகூட அல்ல, நிணநீர் மண்டலப் புற்றுநோய். அவன் பிழைத்தான். அரை நூற்றாண்டு கழித்து, தாத்தாவாகிவிட்ட வயதில், 'அந்த ஜிம்மி நான்தான்' என்று வெளியே வந்தார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அடுத்தடுத்து வந்தவர்கள் உங்களைப் போன்ற குடும்பத்தினர். நியூயார்க்கில் 16 வயது மகன் ராபர்ட்டை இழந்த டி வில்லியர்ஸ் தம்பதி 1949இல் அவன் பெயரில் சிறியதாக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பின்னாளில் லுகேமியா அண்ட் லிம்ஃபோமா சொசைட்டி என்று உலகம் அறிந்த அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் சூசன் ஈஸ்ட்வுட் என்ற 6 வயதுச் சிறுமி இறந்தபின், அவளுடைய பெற்றோர் 1960இல் திரட்டத் தொடங்கிய பணம் லுகேமியா ரிசர்ச் ஃபண்ட் ஆயிற்று. இன்று அதற்குப் பெயர் பிளட் கேன்சர் யுகே. நகைச்சுவை நடிகர் டானி தாமஸ் மக்களிடம் திரட்டிய பணத்தில் 1962இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தது. அப்போது குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகையான தீவிர லிம்ஃபோ லுகேமியாவில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 4 பேர் என்று அந்த மருத்துவமனையே குறிப்பிடுகிறது. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல் தற்காலிக ஆறுதல் போதாது, குணமே இலக்கு என்று வைத்துக்கொண்டார். தனித்தனியே கொடுத்தபோது தோற்றுப்போன மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒளிந்துகொள்ளும் புற்றணுக்களுக்குத் தனிச் சிகிச்சை சேர்த்தார். ஒவ்வோர் ஆய்விலும் கிடைத்த பாடத்தை வைத்து அடுத்த ஆய்வை அமைத்தார். 1967இல் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் குணமடைந்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் அந்த விகிதம் 90 சதவீதத்தை எட்டியிருக்கிறது.

பிங்கெல் கையில் புதிதாக ஓர் அற்புத மருந்து இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்த மருந்துகளை எப்படிச் சேர்ப்பது, எப்போது கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனதில்தான் அவ்வளவு உயிர்கள் பிழைத்தன.

நல்ல யோசனைக்கு அரசே பணம் கொடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கும். அடிப்படை அறிவியலின் பெரும் பாரத்தைச் சுமப்பது அரசு நிதிதான். அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அரசுக் குழுவிடம் விண்ணப்பம் போனால் முதலில் வரும் கேள்வி, 'முதற்கட்டத் தரவு எங்கே?' என்பது. தரவு எடுக்கப் பணம் வேண்டும், பணம் கிடைக்கத் தரவு வேண்டும். இந்த முடிச்சில் சிக்கி நின்றுபோகும் யோசனைகள் ஏராளம். ஆய்வாளர் கார்ல் ஜூனின் அனுபவம் ஓர் உதாரணம். நோயாளியின் டி அணுக்களை (நோயோடு போராடும் ஒருவகை வெள்ளையணுக்களை) எடுத்து, மரபணுவை மாற்றி, புற்றணுவை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப உடலில் செலுத்தும் சிகிச்சையை அவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய சகாக்களும் 2010இல் மனிதர்களிடம் முயன்றார்கள். பெரிய நிதியங்கள் தயங்கிய அந்தக் கட்டத்தில் கைகொடுத்தவற்றில் புற்றுநோய் மரபணுச் சிகிச்சைக்கென்று ஒரு குடும்பம் தொடங்கிய அறக்கட்டளையும் ஒன்று. மூன்று நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்த அளவில் பணம் தீர்ந்துபோயிற்று. அந்த மூவரின் முடிவு 2011இல் வெளியான பிறகுதான் மருந்து நிறுவனங்கள் திரும்பிப் பார்த்தன. 2012 ஏப்ரலில், வேறு வழியே இல்லை என்ற நிலையில் இருந்த எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் அதே சிகிச்சை கொடுக்கப்பட்டது, அவள் குணமடைந்தாள். 2017 ஆகஸ்டில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது.

காத்திருக்க வேண்டிய காலத்துக்கு இமாடினிப் என்ற லுகேமியா மருந்து நல்ல எடுத்துக்காட்டு. மெதுவாக வளரும் வகையான நாட்பட்ட மைலாய்டு லுகேமியா வந்த நோயாளிகளின் அணுக்களில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பதை 1960இல் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973இல் ஆய்வாளர் ஜேனட் ரவுலி காட்டினார். அந்த இடமாற்றத்தில் பிறக்கும் கோளாறான புரதத்தைக் குறிவைத்து முடக்கும் மருந்தை மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் 1998இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார். மருந்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு, இவ்வளவு அரிதான நோய்க்கு இதைத் தயாரிப்பது கட்டுப்படியாகுமா என்ற தயக்கம் இருந்தது. ட்ரூக்கரின் ஆய்வுக்கு ஆதரவு கொடுத்தவற்றில் மேலே சொன்ன லுகேமியா சொசைட்டியும் உண்டு. மருந்து அங்கீகாரம் பெற்றது 2001 மே மாதம். முதல் கண்டுபிடிப்பிலிருந்து 41 ஆண்டுகள். இதற்கு நடுவில் எந்த ஆண்டு நன்கொடையாளரைக் கேட்டிருந்தாலும், 'என் பணத்தால் இதுவரை யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லையே' என்றுதான் சொல்லியிருப்பார்.

என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு இப்போது வருகிறேன். புதிய மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு எப்படியாவது ஒருநாள் பணம் வந்துவிடும். மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்கும் ஆய்வுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? குறைவாக விற்பதற்கு வழி தேடும்படி ஒரு நிறுவனத்திடம் கேட்க முடியாது. ஆனால் சிகிச்சையில் இருக்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அவசரம் தெரியும். குழந்தைகளின் லிம்ஃபோ லுகேமியாவுக்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறது. தொற்று, வாய்ப்புண், எலும்புச் சிதைவு, சில மருந்துகளால் இதயத்துக்கு நேரும் பாதிப்பு என்று விலை கொடுத்துத்தான் உயிரை மீட்கிறோம். எந்தக் குழந்தைக்கு இவ்வளவும் தேவை, எந்தக் குழந்தைக்குக் குறைவே போதும் என்று பிரித்தறிய முடிந்தால் அது புது மருந்துக்கு நிகரான வெற்றி.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த 'யூகே ஏஎல்எல் 2003' என்ற மருத்துவச் சோதனை இதைத்தான் கேட்டது. முதற்கட்டச் சிகிச்சைக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரம் அணுக்களில் ஒரு புற்றணு மிஞ்சியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்திருந்தது. அந்த அளவுக்குக்கூட நோய் மிஞ்சாதவர்களைக் குறைந்த ஆபத்துள்ளவர்கள் என்று பிரித்து, பாதிப் பேருக்கு வழக்கமான இரண்டு சுற்றுத் தீவிரச் சிகிச்சையும், மீதிப் பேருக்கு ஒரே ஒரு சுற்றும் கொடுத்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி இரு குழுவினருக்கும் நோய் திரும்பிய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு சுற்றுக் கடுமையான மருந்தை மிச்சப்படுத்தலாம் என்று தெளிவாயிற்று. இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தவர்கள் இருவர்: பிரிட்டனின் அரசு மருத்துவ ஆய்வுக் கழகமும், அன்று லுகேமியா அண்ட் லிம்ஃபோமா ரிசர்ச் என்ற பெயரில் இயங்கிய, ஈஸ்ட்வுட் தம்பதி தொடங்கிவைத்த அதே அறக்கட்டளையும். மகளை இழந்த ஒரு குடும்பம் திரட்டத் தொடங்கிய பணம், ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவர்கள் முகம்கூடப் பார்த்திராத குழந்தைகளை ஒரு சுற்று வேதனையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. சிறுதொகை எதற்கு ஆகும் என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இதே வகையில் பிரான்ஸில் நடந்த ஒரு சோதனையும் உண்டு. இமாடினிப் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரத்தத்தில் நோயின் சுவடே தெரியாத 100 பேருக்கு அங்குள்ள மருத்துவர்கள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மீண்டும் மாத்திரை கொடுத்ததும் நோய் கட்டுக்குள் வந்தது. 2010இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு, தகுந்த நோயாளிகளுக்கு மருந்தை நிறுத்திப் பார்ப்பது சிகிச்சை முறையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இன்னொரு வகை ஆய்வும் நன்கொடைக்கு ஏற்றது: நோய் ஏன் வருகிறது என்ற கேள்வி. லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் மெல் கிரீவ்ஸ் தலைமையில், லுகேமியா ரிசர்ச் ஃபண்ட் பணத்தில் ஓர் ஆய்வு மையம் 1984இல் அமைந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் இருவருக்கும் லுகேமியா வந்தபோது, இருவரின் புற்றணுக்களிலும் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொண்டிருப்பது ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருப்பதை அவர்கள் கண்டார்கள். கருவில் ஒரு குழந்தைக்குத் தோன்றி, நச்சுக்கொடி வழியே மற்றதற்குப் போயிருந்தால்தான் அது சாத்தியம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தப் பொட்டு, பல நாடுகளில் ஓர் அட்டையில் பாதுகாக்கப்படுகிறது. பின்னாளில் லுகேமியா வந்த குழந்தைகளின் அட்டைகளை எடுத்துப் பார்த்தபோது, பலருக்குப் பிறந்த சமயத்திலேயே அந்த அடையாளம் அங்கே இருந்தது. அதே சமயம், அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பிறந்தபின் இரண்டாவதாக ஏதோ ஒன்று நடக்க வேண்டும். அதைத் தெளிவாக அறிந்தால் தடுக்கவும் வழி பிறக்கலாம். தன் பிள்ளைக்கு நோய் வந்ததற்குத் தான் ஏதோ தவறு செய்ததுதான் காரணம் என்று தன்னையே வதைத்துக்கொள்ளும் தாய்மார்களை நான் அறிவேன். இந்தக் கண்டுபிடிப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எந்த லுகேமியாவுக்குக் கொடுப்பது என்பதிலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் படம் போட்ட வேண்டுகோளுக்குப் பணம் வருவது எளிது. உங்கள் வீட்டிலும் போனது இளம் உயிர் என்பதால் மனம் அங்கேதான் போகும்; அதில் தவறே இல்லை. ஆனால் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும், வேகமாகப் பரவும் இன்னொரு வகையான தீவிர மைலாய்டு லுகேமியாவில் ஐந்தாண்டு கடப்பவர்கள் இன்றும் மூன்றில் ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள்; முதியவர்களில் அதைவிடவும் குறைவு. முழு வீரியத்தோடு மருந்து கொடுத்தால் உடல் தாங்காத வயது அது. அங்கே முன்னேற்றம் மிக மெதுவாக நடக்கிறது. குறிப்பிட்ட வகைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாமல் இரத்தப் புற்றுநோய்கள் அனைத்துக்கும் நிதி கொடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கிடைக்கும். ஒரு வகையில் கண்டது இன்னொரு வகைக்கு உதவுவது இத்துறையில் அடிக்கடி நடப்பதுதான்.

யாரிடம் கொடுப்பது? முதலில், சிகிச்சைச் செலவுக்கு உதவுவது வேறு, ஆய்வுக்குக் கொடுப்பது வேறு. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் பல அறக்கட்டளைகள் இரண்டையும் ஒரே வேண்டுகோளில் கலந்து கேட்கின்றன. ஆண்டறிக்கையை எடுத்து, போன ஆண்டு ஆய்வு மானியமாக எவ்வளவு போயிற்று, எந்த ஆய்வாளருக்கு, எந்தக் கேள்விக்கு என்று பெயரோடு பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆய்வு மற்றும் விழிப்புணர்வு' என்று ஒரே வரியில் ஒரு பெருந்தொகை போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். விழிப்புணர்வு என்ற பெயரில் வேண்டுகோள் கடிதம் அச்சிட்ட செலவும் அதில் ஒளிந்திருக்கலாம்.

அடுத்து, விண்ணப்பங்களை யார் மதிப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். பணம் கேட்கும் ஆய்வாளரோடு தொடர்பில்லாத, அதே துறையில் ஊறிய வெளியாட்கள் எழுத்தில் கருத்துச் சொல்லி, அதன்பின் ஒரு குழு கூடி வரிசைப்படுத்த வேண்டும். தன் சொந்தப் பல்கலைக்கழக விண்ணப்பம் வரும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். பிரிட்டனில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளைகளின் சங்கம் இத்தகைய மதிப்பீட்டை உறுப்பினர் ஆவதற்கே நிபந்தனையாக வைத்திருக்கிறது. 'எங்கள் நிறுவனர் நல்ல டாக்டர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்' என்று பதில் வந்தால், அந்த நிறுவனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நான் கொடுக்க மாட்டேன்.

நிர்வாகச் செலவு சதவீதத்தை வைத்து மட்டும் அமைப்புகளைத் தரம் பிரிப்பவர்கள் உண்டு. அது அவ்வளவு நம்பகமான அளவுகோல் இல்லை. மதிப்பீட்டை ஒழுங்காக நடத்தவும், கொடுத்த மானியம் என்ன ஆயிற்று என்று பின்தொடரவும் ஆள் வேண்டும். அந்தச் செலவைச் சுருக்கினால் நல்ல ஆய்வும் சுமாரான ஆய்வும் ஒன்றாகிவிடும். அதே நேரம் எல்லை மீறுவதும் நடக்கிறது. 2015 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய் அறக்கட்டளைகள் மீது வழக்குத் தொடுத்தன. மக்களிடம் திரட்டிய 18 கோடியே 70 லட்சம் டாலரில் பெரும்பகுதி நடத்துநர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் வசூல் முகவர்களுக்கும் போனதாகக் குற்றச்சாட்டு. எல்லாவற்றின் பெயரிலும் புற்றுநோய் என்ற சொல் இருந்தது. ஒன்றின் பெயரில் குழந்தைகளும் இருந்தார்கள். ஆகவே பெயரையும் படத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தணிக்கை செய்த கணக்கு பொதுவெளியில் கிடைக்கிறதா, உங்கள் நாட்டின் அறநிலையப் பதிவேட்டில் அமைப்பு இருக்கிறதா, தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார்களா என்று பாருங்கள். உண்மையான ஆய்வு அமைப்பு இன்றே கொடுங்கள் என்று நெருக்காது. அவர்களுடைய வேலையே ஆண்டுக்கணக்கில் நடப்பது.

தோற்றுப்போன ஆய்வுகளைப் பற்றி அந்த அமைப்பு வெளிப்படையாகப் பேசுகிறதா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான யோசனைகள் பலிக்காது. 'இந்த வழி அடைபட்டிருக்கிறது' என்று ஒரு குழு நேர்மையாக வெளியிட்டால், பத்துக் குழுக்கள் அதே வழியில் போய்ப் பணத்தையும் நோயாளிகளின் காலத்தையும் இழப்பது மிச்சம். ஆண்டறிக்கை முழுக்க வெற்றிகள் மட்டுமே இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மானியம் பெற்றவர்கள் தங்கள் முடிவுகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதும் நல்ல அறிகுறி.

பலரும் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி இருக்கிறது, நீங்கள் கேளுங்கள். நன்கொடையில் தொடங்கிய ஆய்வு பிறகு விற்பனைப் பொருளானால், அந்த அறக்கட்டளைக்கு அதில் என்ன உரிமை? வரும் பங்கு மீண்டும் ஆய்வுக்கே போகிறதா? விலை கட்டுக்கடங்காமல் போகாதிருக்க ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா? மேலே சொன்ன டி அணுச் சிகிச்சை 2017இல் சந்தைக்கு வந்தபோது ஒருமுறைச் சிகிச்சைக்கு 4,75,000 டாலர் விலை வைத்தார்கள். உலகத்தில் பெரும்பாலான பெற்றோருக்கு அது இருந்தும் இல்லாத மருந்து. மக்கள் பணம் அடித்தளம் போட்ட இடத்தில் மக்களுக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நன்கொடையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அறக்கட்டளைகள் இதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கும்.

எப்படிக் கொடுப்பது என்பதில் என் பரிந்துரை எளிமையானது: ஒருமுறை பெருந்தொகையைவிட ஆண்டுதோறும் தவறாத நடுத்தரத் தொகை மேல். ஆய்வு மாணவர் ஒருவருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஊதியம் கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எவ்வளவு வரும் என்று அறக்கட்டளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரபரப்பான செய்தி வந்த மாதத்தில் குவிந்து, பிறகு வற்றிப்போகும் பணத்தை வைத்து யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது. கூடுமானவரை நிபந்தனை வைக்காமல் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் என்று கட்டினால், அந்த வழி அடைபடும்போது பணமும் அங்கேயே முடங்கிவிடும். பையனின் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. பல அமைப்புகள் நினைவு நிதி என்று ஒருவர் பெயரில் தனிக் கணக்கு வைத்து, அதில் சேரும் பணத்தைப் பொது ஆய்வு நிதியோடு சேர்த்துச் செலவிடுகின்றன. உறவினரும் நண்பர்களும் அவன் பிறந்த நாளிலோ நினைவு நாளிலோ அதில் சேர்க்கலாம்.

புதிதாக ஓர் அறக்கட்டளை நீங்களே தொடங்கலாமா என்ற எண்ணமும் வந்திருக்கும். டி வில்லியர்ஸ், ஈஸ்ட்வுட் குடும்பங்கள் தொடங்கிய காலத்தில் இப்படி அமைப்புகள் அரிது. இன்று வல்லுநர் குழுவும் தணிக்கையும் சட்டப் பதிவும் சேர்த்துச் செய்வது சிறு குடும்பத்தின் சக்தியை எல்லாம் தின்றுவிடும். நல்ல அமைப்பு ஒன்றின் உள்ளே நினைவு நிதியாக இருப்பதே போதும்.

ஒரு குறிப்பிட்ட நோயாளியின் பரிசோதனைச் சிகிச்சைக்கு என்று இணையத்தில் வரும் நிதித் திரட்டுகளுக்கு நீங்கள் இரங்கிக் கொடுக்கலாம். ஆனால் அதை ஆய்வுக்கான பங்காகக் கணக்கில் வைக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்து, பதிவும் ஒப்பீடும் இல்லாமல் முடிந்துபோகும் முயற்சியிலிருந்து அடுத்தவருக்கு எந்தப் பாடமும் கிடைப்பதில்லை.

வசதி குறைந்த இடங்களில் நடக்கும் ஆய்வையும் மறந்துவிடாதீர்கள். பிரேசிலின் ரெசிஃபி நகரில் 1980களில் சிகிச்சை பெற்ற லிம்ஃபோ லுகேமியாக் குழந்தைகளில் ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 32 சதவீதம். செயின்ட் ஜூட் மருத்துவமனையோடு கூட்டுச் சேர்ந்தபின், 1997 முதல் 2002 வரை சிகிச்சை பெற்றவர்களில் அது 63 சதவீதமாக உயர்ந்தது. சிகிச்சை முறையை வகுத்ததோடு, தங்குமிடம், போக்குவரத்து, வராத குழந்தையைத் தேடிப் போய் அழைத்துவரும் ஆள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நடுவிலேயே சிகிச்சையைக் கைவிட்டவர்கள் 16 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே போனார்கள். எது எவ்வளவு பலன் தந்தது என்று கணக்கு வைத்து 2004இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் நடப்பது மட்டும் ஆய்வு என்று நினைத்தால் இப்படிப்பட்ட வேலை கண்ணில் படாது. உங்கள் தொகையில் ஒரு பங்கு இத்தகைய கூட்டுத் திட்டங்களுக்குப் போனால், அந்தப் பணம் மிக நேரடியாக உயிராக மாறும்.

பணத்தோடு நிற்க வேண்டியதில்லை. வீட்டில் இளவயதுக்காரர்கள் இருந்தால், இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைத் தானம் செய்ய முன்வரும் கொடையாளர் பதிவேட்டில் சேரலாம். பொருத்தம் கிடைக்காமல் தவிக்கும் நோயாளிகள் எங்கும் இருக்கிறார்கள். பல நிதிக் குழுக்களில் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் இடம் உண்டு. விஞ்ஞானப் பயிற்சி தேவையில்லை. 'இந்தச் சோதனைக்காக ஒரு குழந்தையின் முதுகுத்தண்டில் எத்தனை முறை கூடுதலாக ஊசி போடுவீர்கள்?' என்று ஒரு தாய் கேட்ட கேள்வியால் ஒரு விண்ணப்பமே திருத்தி எழுதப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எங்களில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். இரண்டு அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்னவற்றில் உங்களுக்கு முக்கியமாகப்பட்ட கேள்விகளை எழுதி அனுப்புங்கள். யார் எவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒன்றில் நினைவு நிதி தொடங்கி, சிரமப்படாமல் ஐந்தாண்டுகள் தொடர முடியும் என்று தோன்றும் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வையுங்கள். ஆண்டறிக்கை வரும்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். புரியாத இடத்தில் அவர்களையே கேளுங்கள். ஐந்தாண்டு முடிவில் பதில்கள் திருப்தியாக இல்லையென்றால் தயங்காமல் வேறு அமைப்புக்கு மாறிவிடுங்கள்.